புகையை மோந்து பார்க்கும் கருவியும் உன் அப்பாவும்

அன்புள்ள மகனே,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. தபால்காரர் உன் கவரைக் கையில் கொடுத்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். உனக்கே தெரியும். இந்த முறை உட்காரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலையும் தலைக்குமேல் இல்லை. பொறாமைதான் காரணம். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டுக்கொண்டு பதினோரு நாள் பேனாவைத் தொடாமல் இருந்தான் என்று கேட்டால் நீ சிரிப்பாய். இப்போதே சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தின் பாதியைத் தாண்டினால் உனக்குச் சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தில் இரண்டு சேதி இருந்தது. ஒன்று, நீ அங்கே ஜெர்மனியில் வேலை பார்க்கிற டர்போ காரில் புதிதாக மாட்டியிருக்கிற ஆக்சிஜன் சென்சார். அதைப் பற்றி மூன்று பக்கம். இன்னொன்று கடைசிப் பக்கத்தில் எட்டே வரி. அந்தக் கார் முழு பாரத்தோடு மலை ஏறும்போது எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று முடிவு பண்ணி, தாளில் கடைசிக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பை உன்னிடம் கொடுக்கிறார்கள். வருஷக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ முடியாது என்று சொல்லிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கே திரும்பி வந்து என்னோடு ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். காரணமும் எழுதியிருந்தாய். ‘திருப்பதி மலையில நான் ஒரு இஞ்சின கொன்னவன்பா. என் கைய நானே நம்ப மாட்டேன்.’ அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா அந்த எட்டு வரியில் பொங்கலை மட்டும்தான் காதில் வாங்கினாள். மறுநாளே சுண்ணாம்பு வாங்கி வந்து உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டாள். பூக்காரியிலிருந்து மாவு மெஷின்காரர் வரைக்கும், “எம்புள்ள வந்துடறான், இனிமே இங்கதான்” என்று சொல்லியாயிற்று.

முதலில் அந்தச் சென்சாரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீ எழுதியதை எனக்குப் புரிந்த மாதிரி திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. இஞ்சினிலிருந்து வெளியேறுகிற புகை சும்மா போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றைப் பிடித்து இஞ்சினுக்குள் திணிக்கிறது. அதுதான் டர்போ. காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதற்குத் தக்கபடி போக வேண்டும். போதுமா போதாதா என்று யார் சொல்வது? அதற்காகப் புகைக்குழாயில் பிளக் அளவுக்கு ஒரு சாமானை முறுக்கி வைத்திருக்கிறார்கள். எரிந்து வருகிற புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் பெட்ரோல் குறைச்சல் என்று அர்த்தம். மிச்சமே இல்லையென்றால் பெட்ரோல் கூடிப்போனது என்று அர்த்தம். இதை அந்தச் சாமான் மின்சாரமாகச் சொல்ல, ஒரு பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு பெட்ரோலைத் துளி கூட்டும், துளி குறைக்கும், மறுபடி கூட்டும், மறுபடி குறைக்கும். வண்டி சீராகப் போகிறவரை ஓயாமல் இதே வேலை. இதுவரைக்கும் எனக்கு நன்றாகவே புரிந்தது, ரசித்துத்தான் படித்தேன்.

அதோடு நீ விட்டிருக்கலாம். ‘நீ சைலன்சர் கிட்ட குனிஞ்சி மோந்து பாத்து, பெட்ரோல் ஜாஸ்தி, கம்மின்னு சொல்லுவியேப்பா, அதே வேலதான். உன் மூக்க ஒரு விரல் நீளத்துக்கு செஞ்சி பைப்புல வெச்சிட்டாங்க’ என்று எழுதினாய். நீ பெருமையாகத்தான் எழுதினாய், எனக்கு வயிறு எரிந்தது. என் மூக்குதான் இந்த ஊரில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. முசரவாக்கத்தில் கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி வீட்டுப் பையனை, ராஜ வீதி முதலாளிகள் காரைக் கொண்டுவந்து விடுகிற மேஸ்திரியாக ஆக்கியது இந்த மூக்கு. படிப்பில்லை, கருவி இல்லை. ஒரு ஸ்பானர் செட், ஒரு மூக்கு, இரண்டு காது. அதை ஒரு கம்பெனி மூன்று பக்கத்தில் விளக்கிவிடலாம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதோடு இன்னொன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக எனக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உன் அம்மாவுக்கே தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் இன்றைக்கும் பழைய மாதிரி குனிந்து மோந்து பார்த்துத் தலையாட்டுகிறேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துக்கொள்கிறேன். உன் சென்சாருக்காவது இத்தனை மைல் ஓடியதும் எதிரே ஒரு விளக்கு எரியுமாம், மாற்றிவிடுவார்களாம்.

நீ எழுதியதில் எனக்குச் சந்தோஷம் கொடுத்தது ஒரே ஒரு வரி. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் அந்தச் சென்சார் செத்துவிடும் என்று எழுதியிருந்தாய். நம் ஊர் பங்கில் விற்பது எல்லாமே ஈயம் கலந்ததுதான். ‘எங்கே, காஞ்சிபுரம் வந்து பார்’ என்று அந்தக் கருவிக்கு மனசுக்குள் சவால் விட்டேன். அதுமட்டுமா, சூடேறுகிறவரைக்கும் அதற்கு வாயே வராதாம். நான் விடியற்காலை டீகூடக் குடிக்காமல், குளிர்ந்து கிடக்கிற இஞ்சினை ஒரு உதை உதைத்ததும் சொல்லிவிடுவேன். ஒரு இரும்புச் சாமானோடு சண்டை போடுகிற அளவுக்கு உன் அப்பா இறங்கிவிட்டான் பார்.

சென்சாரை விடு. உன் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கே உனக்கு மேலே இருக்கிறவர். குளிர் தாங்காமல் நீ நடுங்கியபோது தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார், எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது ‘முதலில் இவன் சொல்லட்டும்’ என்று உன்னைக் கைகாட்டுவார், ‘எனக்கு இன்னொரு அப்பா மாதிரி’ என்று. அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இன்னொரு அப்பாவா? இருக்கிற ஒருத்தன் போதாதா? ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரு நட்டைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். ‘முதலில் இவன் சொல்லட்டும்’ என்று நான் உன்னை ஒருநாளும் கைகாட்டியதில்லை. நீ சொல்ல வாயெடுத்தால் நான் முந்திக்கொள்வேன். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் வந்ததே, அது அவர் செய்ததை நான் செய்யவில்லை என்பதால் வந்த கோபம்.

பொறாமை எனக்கு இன்றைக்கு நேற்று வந்ததில்லை. நீ பள்ளிக்கூடம் போகிற வயசில், உன் அம்மா கல்லில் முதலில் எடுக்கிற முறுகல் தோசை என் தட்டிலிருந்து உன் தட்டுக்கு மாறியது. அதற்கே நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். “பெத்த புள்ளகிட்ட இன்னாங்க போட்டி” என்று அவள் கேட்டாள். நீ பாலிடெக்னிக் போய், இஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு மீட்டரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, “முள்ளு ஆடாம நிக்கணும்பா, அப்பதான் சரி” என்று எனக்குச் சொன்னபோது, நான் மீட்டரைப் பார்க்கவே மாட்டேன் என்று வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். முள் ஆடாமல் நின்றது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

தாமல் ஏரிக்கரைச் சாலையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு வண்டியை வேகமாக ஓட்டிப்போய், ஓட்டத்திலேயே சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்துப்போனால் பெட்ரோல் குறைச்சல், கரி பிடித்தால் அதிகம். நான் பார்த்துவிட்டு, “அளவா இருக்குது, மூடு” என்றேன். நீ அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாய். “இல்லப்பா, ஓரமா பாரு, வெளுத்துக்கினு வருது. சமதரையில ஒண்ணும் ஆவாது. ஏத்தத்துல பாரம் ஏத்திக்கினு போனா உள்ள வெந்துடும்” என்றாய். நான் கத்தினேன். “நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து பிளக்கு பாக்கறவன்டா நானு” என்று நடு ரோட்டில் கத்தினேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ பிளக்கைத் துடைத்து மாட்டினாய். நீ சொன்னதுதான் சரி. அது எனக்கு அங்கேயே தெரியும், இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நான் ஏன் எல்லா வண்டியையும் அப்படி வெளுக்க விட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிய காலம் அது. வண்டி வைத்திருந்தவர்களெல்லாம் மைலேஜ் மைலேஜ் என்று அடித்துக்கொண்டார்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற ஜெட் நட்டை மேலே கொஞ்சம் ஏற்றினால் பெட்ரோல் குறைவாக இறங்கும், முதலாளி சந்தோஷப்படுவார். நம் ஊரில் மேடேது? சின்ன காஞ்சிபுரத்துக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இஞ்சினுக்கு என்ன கஷ்டம் வந்துவிடும்? ஊரில் எல்லா மேஸ்திரியும் செய்ததுதான். நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகச் செய்து ‘மைலேஜ் மேஸ்திரி’ என்று பேர் வாங்கினேன். நீ வந்தபிறகு அந்த நட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாய். வண்டிகள் இழுத்துக்கொண்டு போயின. ஆட்கள் உன்னைத் தேட ஆரம்பித்தார்கள்.

இப்போது பட்டு முதலாளி கார் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் பதினோரு நாளாக எழுத முடியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்தக் குடும்பத்தின் அம்பாசிடரைப் பதினைந்து வருஷம் நான்தான் பார்த்தேன். நீ ஒரே ஒரு தடவை பார்த்தாய். மறுநாள் அவர் வந்து இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. “பாகுந்தி மேஸ்திரி! உன் புள்ள தொட்டப்புறம்தான்யா இது காருன்னே எனக்குத் தெரியுது. அடுத்த வாரம் பேரனுக்கு மொட்ட போட திருப்பதி போறோம். தம்பியே பாக்கட்டும். நீ தொட வேணாம்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ‘நீ தொட வேணாம்’ மட்டும் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

நீ அந்த வண்டியை மலைக்காகத் தயார் பண்ணினாய். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிற மாதிரி நட்டை வைத்தாய். முதலாளியிடம், “மல ஏறி எறங்கறவரைக்கும் மைலேஜ் கம்மியாதான் வரும், கண்டுக்காதீங்க” என்றும் சொல்லிவிட்டாய். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனாய். ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும் இருந்தேன். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஸ்பானரை எடுத்து அந்த நட்டை மேலே ஏற்றினேன். ஆறு முகம் கொண்ட நட்டில் நாலு முகம். நின்ற இடத்தில் இஞ்சின் இருமிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஐட்லிங் திருகையும் கூட்டிவைத்து மறைத்தேன். மகனே, முதலாளி அந்தக் காரை எடுத்துப் போனது நான் முடுக்கிய நட்டோடு. நீ வைத்த அளவோடு இல்லை.

வண்டி மலையில் நாலு முறை திணறட்டும், முதலாளி திரும்பி வந்து ‘மேஸ்திரி, நீயே பாருப்பா’ என்று சொல்லட்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குமேல் நினைக்கவில்லை என்றால் நம்புவாயோ மாட்டாயோ. ஆனால் நீ கூடுதல் பெட்ரோலை நம்பி, பிளக்கில் பொறி விழுகிற டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் வைத்திருந்தாய், பெட்ரோல் குறைந்தால் இஞ்சின் அதைத் தாங்காது. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை, பொறாமை பிடித்தவனுக்கு ஒரு நட்டுக்கு மேல் கண் தெரியாது. பாதி மலையில், மூன்றாவது பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வண்டி நின்றது. நல்ல வெயில். முதலாளி, அவர் மகள், அவள் மடியில் அந்தக் குழந்தை. அது அழுது அழுது வாந்தி எடுத்ததாம். யாரோ ஒரு லாரிக்காரர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து மேலே ஏற்றிப்போயிருக்கிறார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

காரைக் கட்டி இழுத்துவந்த அன்றைக்கு முதலாளி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். “படிச்ச புள்ளன்னு நம்பி குடுத்தேன் பாரு, என்ன சொல்லணும்! பச்சக் கொழந்தய வெச்சிக்கினு நடு மலையில நின்னேன்டா!” தெருவே வேடிக்கை பார்த்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான் மொதலாளி. டைமிங்க நான்தான் முன்னால தள்ளி வெச்சிட்டேன்” என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, “இனிமே என் வண்டிய நீதான் தொடணும் மேஸ்திரி” என்றார். கேள் மகனே, இதை எழுதக் கை கூசுகிறது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாய், நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நிற்கிறேன். அப்புறம் ‘நீ போய் முகம் கழுவு’ என்று உன்னை அனுப்பிவிட்டு, கார்புரேட்டரை நானே முதலில் கழற்றினேன். பாசத்தில் உதவி செய்கிறேன் என்று நினைத்திருப்பாய். நட்டு எங்கே நிற்கிறது என்று நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான் கழற்றினேன். மொத்தத்தையும் பிரித்துப் பெட்ரோலில் கழுவி வைத்துவிட்டேன்.

இரண்டு மாசத்தில் நீ மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டு போனாய், அங்கிருந்து ஜெர்மனிக்கு. போகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில், “உன் பேர கெடுத்துட்டேன்பா” என்றாய். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. “பரவால்லடா, எல்லாருக்கும் ஆவறதுதான்” என்று பெருந்தன்மையாக உன் தோளைத் தட்டினேன். செய்ததிலேயே எனக்கு அதிகம் அருவருப்பாக இருப்பது அந்தத் தட்டுதான். ஐந்து வருஷமாக அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு திரிகிறாய். இப்போது அதைக் காரணம் காட்டி இத்தனை பெரிய வேலையை வேண்டாம் என்கிறாய்.

உன் கடிதத்திலேயே நீ எழுதியிருக்கிறாய், திரும்ப எடுத்துப் படித்துப் பார். வண்டி சமமாகப் போகிறவரைக்கும் சென்சார் சொல்வதைப் பெட்டி கேட்கும். டர்போ திணிக்கிற காற்று ஒரு அளவைத் தாண்டினதும் ஒரு சுவிட்ச் விழும். அதற்குப்பிறகு பெட்டி சென்சார் பேச்சைக் கேட்காது. அது சொல்கிற கணக்குப்படி அளந்து அளந்து ஊற்றினால் அந்தச் சூட்டில் பிஸ்டன் உருகிவிடும். அதனால் ஏற்கெனவே ஒரு மனுஷன் யோசித்துக் குறித்துவைத்த அளவுக்கு, கூடுதலாகப் பெட்ரோல் போகும். எரிவதற்கு மட்டும் இல்லை, உள்ளே குளிர வைப்பதற்கும். ஒன்பதாம் நாள் இதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ தாமல் ரோட்டில் என்னிடம் சொன்னதும் இதுதான், திருப்பதிக்குப் போன வண்டியில் நீ செய்ததும் இதுதான். ஏற்றத்தில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று உன் கை அன்றைக்கே சரியாக வைத்தது. அதைக் குறைத்தது என் கை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட உன்னைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் இருக்கிறானா என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் அவன்மேலும் எனக்குப் பொறாமைதான் வரும், அது வேறு கதை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு நாள் முழுக்க நான் எழுதவில்லை. ஏன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ பொங்கலுக்கு வந்துவிடுவாய். என் பக்கத்திலேயே இருப்பாய். உன் பெரியவருக்கு நீ கிடைக்க மாட்டாய், அந்தச் சென்சாருக்கும் கிடைக்க மாட்டாய். உன்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வர நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். அந்த நட்டைத் திருகிய அதே கைதான் பேனாவை எடுக்காமல் இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் புரிந்தது. பயந்துபோனேன். அதன்பிறகுதான் உன் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் சுண்ணாம்பு மட்டையோடு உன் அறையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். இறங்கினாள். மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். விளக்கு வைத்தபிறகு வந்து எதிரே உட்கார்ந்து, “நீங்க எழுதலன்னா அவன் வந்துடுவான். எழுதினா வரமாட்டான். அப்பிடித்தானே?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். “கவரு எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள். அவளே தேடி எடுத்துவந்து வைத்தாள். இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை. தீராது போலிருக்கிறது. சோறு போடும்போது தட்டு வைக்கிற சத்தத்தில் தெரிகிறது.

இன்று காலையில் ராஜ வீதிக்குப் போய்ப் பட்டு முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். கடையில் ஒரு கல்யாண வீட்டார் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த புடவையை மடித்துக்கொண்டே, “தம்பிய ஊர் பூரா தூத்திட்டனே மேஸ்திரி, இத முன்னயே சொல்றதுக்கு இன்னா?” என்றார். புடவையை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார். “அவனுக்கு எழுதுனியா?” என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “சீக்கிரம் எழுது, போ” என்றார். வண்டி இனி என்னிடம் வராது என்று அவர் சொல்லவில்லை. வராது என்று எனக்கே தெரியும்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உனக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும். உனக்குத் தெரிந்ததைவிட அதற்கு நன்றாகத் தெரியும் என்று ஒருநாள் பளிச்சென்று தெரிந்துவிடும். வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், அதை நிறுத்த வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் கையில் ஸ்பானர் இருந்தால் கீழே வைத்துவிடு. முடிந்தால் அதனிடமே போய், “எனக்கு உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது” என்று சொல்லிவிடு. நான் அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருப்பேன், அந்த வண்டியும் மலை ஏறியிருக்கும்.

என்னை மன்னிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை நீ மெதுவாக யோசித்துக்கொள். அதற்குக் கெடு ஒன்றும் இல்லை. அந்தத் தாளுக்குத்தான் கெடு இருக்கிறது. நம் பக்கத்து வழக்கப்படி அப்பன் பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுத்தான் பிள்ளை கையெழுத்துப் போடுகிறான். நீயும் அப்படித்தான் போட்டுவருகிறாய். ஜெர்மனியில் ஒரு தாளில் அந்த எழுத்து இருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது. அந்த எழுத்து வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் எடுத்துவிடு. உன் பேரை மட்டும் போடு.

ஆனால் போடு.

அப்பா